டிக்கெட் எடுக்காத அபிசாய்

வலேலேவு, நசீனு
ஜூலை கடைசி வாரம்

அன்பு மகள் உனைசிக்கு,

இங்கே உன் அப்பாவும் நானும் உயிரோடும் சண்டையோடும் நன்றாகவே இருக்கிறோம், அங்கே டப்போவில் நீயும் மருமகனும் குட்டி வாசிதியும் குளிரில் விறைத்துப்போகாமல் இருக்கிறீர்களா. குழந்தைக்குச் சளி என்றாயே, நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தேங்காய் எண்ணெய் தேய், அந்த ஊர் டாக்டர் சிரித்தால் சிரிக்கட்டும், அவர் நெஞ்சிலா தேய்க்கச் சொன்னேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்வாய், கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. போதகரின் தங்கை சிட்னிக்குப் போகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிப்பாள், படித்தால் இந்த வரியில் கொஞ்சம் நின்று வெட்கப்படட்டும். நீ அனுப்பிய பூட்டுகள் மூன்றும் வந்து சேர்ந்தன, நல்ல கனமான பூட்டுகள். சாமான் அறைக்கு ஒன்று, எங்கள் அறைக்கு ஒன்று, உன் பழைய அறையில் இருக்கும் பையனை அனுப்பிவிட்டு அதற்கு ஒன்று என்று சொல்லியிருந்தாய். வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு "அது என்ன வீடா பஸ் ஸ்டாண்டாம்மா" என்றும் கேட்டாய். ஒரே வீட்டில் இருப்பவர்கள் பால் பாட்டிலில் பெயர் எழுதி வைக்கிற ஊருக்குப் போனபிறகு உனக்கு இப்படித்தான் தோன்றும், உன்மேல் குற்றமில்லை. ஆனால் இரண்டு செய்தி சொல்ல வேண்டும், உட்கார்ந்துகொள். டிசம்பரில் வாசிதியின் முகத்தை நம் ஜனத்துக்குக் காட்டும் நாளுக்கென்று வளர்த்த பன்றி போய்விட்டது. திருட்டுப் போகவில்லை, நோயிலும் போகவில்லை, ஒருவன் கேட்டான், கொடுத்துவிட்டோம். இரண்டாவது, உன் அறை காலியாகாது, பன்றியைக் கேட்டவன்தான் அதில் இருக்கிறான்.

கோபப்படாமல் படி. வீட்டில் இப்போது இரண்டு பிள்ளைகள். வனுவாட்டுவிலிருந்து வந்த லெய்மாரா சட்டம் படிக்கிறாள், அவள் குளியலறைக்குள் போனால் ஒரு வழக்கு முடிகிற நேரம் ஆகும், நாங்கள் எல்லாரும் துண்டும் கையுமாக வெளியே சாட்சிகளைப் போல நிற்போம். இன்னொருவன் பவுரோ, கிரிபாட்டியின் தராவாவிலிருந்து பிப்ரவரியில் வந்தான், மீன்வளம் படிக்கிறான். நடக்கத் தெரிந்த நாள்முதல் மீன் பிடித்தவனுக்கு மீனைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு பல்கலைக்கழகம், இருக்கட்டும். நல்ல உயரம், குரல் மட்டும் கொசு ரீங்காரம். மரவள்ளியைப் போட்டாலும் "தேங்க்யூ ஆன்ட்டி", டின் மீனைப் போட்டாலும் "தேங்க்யூ ஆன்ட்டி", தட்டைக் கழுவி வைத்துவிட்டு அதற்கும் ஒரு தேங்க்யூ. தெருவில் இவ்வளவு மரியாதையான பையனை நான் பார்த்ததில்லை, வந்த வினையெல்லாம் அந்த மரியாதையால்தான் வந்தது.

உன் அப்பாவின் தௌவூ அபிசாயை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு ஊருக்கும் மூதாதைத் தெய்வம் ஒன்று என்ற அந்தத் தௌவூ உரிமையில் எதிர்வீட்டிலிருந்து வந்து நம் அடுப்பிலிருந்த மீனைப் பானையோடு தூக்கிக்கொண்டு போகிறவர், உன் அப்பா பதிலுக்கு அவர் வீட்டு வாழைத்தாரை வெட்டிக்கொண்டு வருவார், இரண்டு பேரும் தெருவில் நின்று காது கூசுகிற மாதிரித் திட்டிக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளும் உரிமை மட்டும் இருவருக்கும் கிடையாது. உன் அப்பா பஸ் ஓட்டிய காலமெல்லாம் அபிசாய் அதில் ஏறினார், ஒரு நாளும் டிக்கெட் எடுத்ததில்லை, கேட்டால் "உன் தாத்தா எங்க தாத்தா தோள்ல ஏறி ஆத்தைத் தாண்டினாரே, அதுக்கு டிக்கெட் எடுத்தாரா" என்பார். உன் அப்பா பன்றிக்குட்டி வாங்கி அதற்கு அபிசாய் என்று பெயர் வைத்தார், மறுநாளே அவர் தன் நாய்க்கு இனோகே என்று உன் அப்பாவின் பெயரை வைத்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து வாசலில் நின்று, "இனோகே, அங்கே முகராதே" என்று கத்தினார். அந்த மனுஷனைப் போன வருஷம் சர்க்கரை கொண்டுபோய்விட்டது. நீ வர முடியவில்லை, அதனால் நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். அடக்கத்தில் குழியோரம் நின்று செத்தவரைக் கேலி பேசி அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டியது தௌவூவின் பொறுப்பு. எல்லாரும் உன் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. அதன்பிறகு காலையில் பன்றிக்கொட்டிலுக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதனிடம் மட்டும் நாலு வசவு பேசிவிட்டு வருவார். பன்றி பதில் சொல்லுமா, மரவள்ளித் தோலைத் தின்றுகொண்டு பெருத்தது. அதை வாசிதிக்காக வெட்டுவேன் என்று வாயால் சொன்னாரே தவிர, வெட்டியிருப்பாரா என்பது எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

பவுரோ வந்த முதல் வாரத்திலேயே மனுஷனுக்கு வாய் திரும்பியது. சாப்பாட்டு மேசையில் திடீரென்று, ராம்பித் தீவில் இருப்பவர்கள் இவன் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ராம்பி எங்கள் ஊர்க் கரையிலிருந்து கூப்பிடு தூரம், ஆகவே இவனும் நானும் தௌவூ என்று தீர்ப்புச் சொன்னார். உங்கள் மூதாதை அத்தனை கடலை எந்த பஸ்ஸில் கடந்தார் என்று கேட்டேன், காதிலேயே வாங்கவில்லை. அன்றே பவுரோவின் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தின்றுவிட்டு, "டேய் கருவாட்டு மூஞ்சி, உங்க ஊர்ல மேடே இல்லையாமே, எதிர்ல யாரு வர்றாங்கன்னு எது மேல ஏறிடா பார்ப்பே" என்றார். பையன் தலையைக் குனிந்து "தென்னை மரத்துல ஏறிப் பார்ப்போம் அங்கிள்" என்று பணிவாகப் பதில் சொன்னான். வீட்டில் மறுபடியும் சத்தம் கேட்கிறதே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் அவன் செருப்பைக் கேட்டார், அதற்கு அடுத்த நாள் அந்தச் செருப்பு கழுவித் துடைத்து அவர் அறை வாசலில் இருந்தது. குடையைக் கேட்டார், குடையோடு அதன் உறையும் வந்தது. தென்னம்பாளையில் வடித்த பதநீரைக் காய்ச்சி அவன் அம்மா கொடுத்துவிட்ட பாகு, ஒரு பாட்டில், அதை வாங்கி பபகாவு ரொட்டியைச் சுடச்சுட அதில் தோய்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட்டார். போர்வையும் போனது. ஒவ்வொரு முறையும் இன்றைக்காவது திட்டுவான், இன்றைக்காவது என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போவான் என்று மனுஷன் காத்திருந்தார். அவனோ கொடுத்துக்கொண்டே இருந்தான். "அவனுக்கு என்னைப் பிடிக்கலை கெலேரா, திட்டவே மாட்டேங்கிறான்" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினார். நீங்கள் எடுத்தது போதாதோ என்னவோ என்று விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தேன், போய் மழைக்கோட்டையும் வாங்கிக்கொண்டார்.

ஜூன் மழையை உனக்குத் தெரியும். பவுரோ வெறுங்காலோடு சேற்றில் நடந்து, நனைந்து, தேர்வு எழுதிவிட்டுக் காய்ச்சலோடு வந்து படுத்தான். கஞ்சி கொண்டுபோனால் அதற்கும் தேங்க்யூ. அடுப்படிக்கு வந்த லெய்மாரா கதவைச் சாத்திவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அவன் பையைக் கட்டி வெச்சிருக்கான். படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு ஊருக்குப் போறான். நீங்க ரெண்டு பேரும் அவனைப் போகச் சொல்றீங்கன்னு நினைக்கிறான்." நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர்கள் ஊரில் ஒருவர் நேரே வந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாதாம், சொன்னால் குடும்பத்துக்கே தலைகுனிவாம். கேட்கிறவரும் அதனால் அளவோடுதான் கேட்பாராம். இந்த மனுஷன் அளவா பார்த்தார். "அவன்கிட்ட இனிமே குடுக்க எதுவுமில்லை ஆன்ட்டி. அடுத்த தடவை அங்கிள் கேட்டா இல்லைன்னு சொல்லணும். அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு முன்னாடி போயிடணுமாம்." உனைசி, நினைத்துப்பார். ஒரு தாய் பாகு காய்ச்சி, பாட்டிலுக்குத் துணி சுற்றி, கடல் தாண்டி அனுப்பிய பிள்ளை என் வீட்டில் கோவணம்வரை உருவிக் கொடுத்துவிட்டு, வெட்கத்தோடு போகப் பார்க்கிறான். உன்னை அந்த ஊரில் யாராவது இப்படி வைத்திருந்தால் நான் சும்மா இருப்பேனா.

உன் அப்பாவுக்கு அன்று கிடைத்த மாதிரி வசவு அபிசாயிடம்கூடக் கிடைத்திருக்காது. கேட்டு முடித்துவிட்டு முகம் செத்துப்போனார். சரி, உட்கார்ந்து அந்தப் பையனிடம் நாலு நல்ல வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், நல்ல சுலு வேட்டியைக் கட்டிக்கொண்டு, காணிக்கையாக யங்கோனா வேர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு, ஊர்த்தலைவரிடம் மன்னிப்புக் கேட்கிறவரைப் போல உன் அறை வாசலில் மண்டியிட்டு, கைதட்டி, பழைய கோவில் பாட்டு மாதிரி நீட்டி முழக்கி ஆரம்பித்துவிட்டார். காய்ச்சலில் கிடந்த பையன் பாவம், வயசான மனுஷன் தனக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாரே என்று பதறிக் கட்டிலிலிருந்து உருண்டு, அவரைவிடத் தாழ இருக்கவேண்டும் என்று தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டான். இவர் அவனைவிடக் குனிய, அவன் இவரைவிடத் தவழ, இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்வதற்குள் நான் போய் இருவரையும் எழுப்பி உட்கார வைத்தேன். பிறகு தௌவூ என்றால் என்ன என்று, அபிசாயின் டிக்கெட் கதையையும் சேர்த்து, அவனுக்குப் பொறுமையாகச் சொன்னேன். அவர் எடுத்தால் நீ இரண்டு மடங்கு எடுக்கவேண்டும், அவர் திட்டினால் நீ நாலு தலைமுறையையும் சேர்த்துத் திட்டவேண்டும், இதுவரை நீ திட்டாததால்தான் மனுஷன் நொந்துபோயிருக்கிறார் என்றேன். அவன் லெய்மாராவைப் பார்த்தான், இந்த ஆளுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. பெரியவர் பொருளில் தன்னால் கை வைக்க முடியாது என்றான். கைகட்டி நின்றுகொண்டிருந்த லெய்மாரா, "எடுக்க முடியாதுன்னா கேளேன், உங்க ஊர் வழக்கப்படி நீ கேட்டா அவரும் இல்லைன்னு சொல்லக்கூடாதே" என்றாள். அவளைப் படிக்க வைப்பவர்கள் பணம் வீணாகவில்லை.

அவன் உடனே எதுவும் கேட்கவில்லை. பையும் கட்டியபடியே கிடந்தது. காய்ச்சல் விட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்வந்து சேப்பங்கிழங்கும் ரோரோக் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்கிள், அந்தப் பன்னியை எனக்குக் குடுங்க" என்றான். உன் அப்பாவின் கையிலிருந்த கிழங்கு பாதி வழியில் நின்றது. நான் உன்னையும் வாசிதியையும் நினைத்துக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன், வேறு ஏதாவது கேட்கக்கூடாதா என்று மனசுக்குள் திட்டவும் செய்தேன். குளிர்ப்பெட்டியைக் கேட்டிருக்கலாம், என்னையே கேட்டிருந்தாலும் அந்த மனுஷன் யோசிக்காமல் கொடுத்திருப்பார். அவர் கொட்டில் பக்கம் பார்த்தார், உன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு, "எடுத்துக்கோ" என்றார். பிறகு நான் பவுரோவைத் தனியாகப் பிடித்து, எத்தனையோ இருக்கப் பன்றியை ஏனடா கேட்டாய் என்றேன். அவர் கொட்டிலில் நின்று பன்றியைத் திட்டுவதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறானாம். "அது போனாத்தானே ஆன்ட்டி, என்னை ஒழுங்கா திட்டுவாரு" என்றான். அவனுக்கு இன்னொரு துண்டு கிழங்கு போட்டேன்.

ஜூலையில் அவர்கள் நாட்டுச் சுதந்திர நாள் வருகிறதல்லவா, இங்கே படிக்கிற கிரிபாட்டிப் பிள்ளைகள் எல்லாரும் கடற்கரையில் கூடுவார்கள். அதற்கு முந்தின நாள் நாலைந்து பையன்கள் கோவில் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பன்றி ஏறமாட்டேன் என்று தெருவையே கூட்டியது. கடைசியில் உன் அப்பாதான் மரவள்ளித் துண்டைக் காட்டி, "ஏறுடா அபிசாய், ஓசி வண்டிதானே, உனக்குப் புதுசா" என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார், ஏற்றிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மறுநாள் எங்களையும் அழைத்திருந்தான். புறப்படும்போது பழைய பஸ் தொப்பியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினார், கிடைக்கவில்லை, என்னைத்தான் திட்டினார். கடற்கரையில் அவரை நடுவில் பாயில் உட்கார வைத்தார்கள், பிள்ளைகள் கைகளைச் சிறகாக விரித்து ஆடினார்கள், நன்றாகத்தான் இருந்தது, இவர் எதையும் பார்க்கவில்லை. மண்ணடுப்பைத் திறந்தார்கள். பவுரோ வாழையிலை போட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தான். அதில் பன்றித் தலை, தலைமேல் காணாமல்போன பஸ் தொப்பி. கேட்காமல் அவன் எடுத்த முதல் பொருள் அதுதான். பவுரோ நிமிர்ந்து நின்று, அந்தக் கொசுக்குரலை எங்கே விட்டானோ தெரியாது, கடல்வரை கேட்கிற மாதிரிச் சொன்னான். "அங்கிள், அபிசாய் இன்னிக்கும் டிக்கெட் எடுக்கலையாம். டிரைவர் நீங்கதானே, என்ன செய்யட்டும் சொல்லுங்க."

நான் பயந்தேன் உனைசி. செத்த மனுஷன் பெயரில் கேலி, அதுவும் இவரிடம். உன் அப்பா அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையை நீட்டித் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்க்கிற அதே தோரணையில், "இறங்குடா அபிசாய், உன் ஸ்டாப் வந்துடுச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார், குழியோரத்தில் வராதது எல்லாம் அங்கே மணலில் வந்தது. கிரிபாட்டிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவர்களும் சிரித்தார்கள். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்கவேண்டும், மூக்கைத் துடைக்கத் துணியில்லாமல் லெய்மாராவின் புதுச் சட்டையில் துடைத்தேன். பிறகு உன் அப்பா அந்தத் தலையில் பாதியைத் தனியாளாகத் தின்றார். காது நன்றாக வெந்திருந்தது என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே டிசம்பரில் பன்றி இல்லை. சம்பந்தி வீட்டார் சீர்வரிசையாகப் பாயும் திமிங்கலப் பல்லுமாக வந்து உட்காரும்போது நாம் என்ன வைப்பது என்று கவலைப்படாதே. பவுரோவும் அவன் கூட்டாளிகளும் மீன் கொண்டுவருகிறார்கள், ஆடவும் செய்வார்கள், வேண்டாம் என்றாலும் செய்வார்கள். கோழி என் பொறுப்பு. பை அவிழ்ந்துவிட்டது, அறை அவனுடையதுதான், நீங்கள் மூவரும் எங்கள் அறையில் படுங்கள், நாங்கள் கூடத்தில் படுத்துக்கொள்வோம், உன் அப்பாவின் குறட்டையைக் கூடத்தில் கேட்டால் கொஞ்சம் தூரமாகக் கேட்கும். பையன் இப்போது நன்றாகத் தேறிவிட்டான். நேற்று உன் அப்பாவிடம், "உங்க பஸ்ஸும் நீங்களும் ஒண்ணுதான், ஹாரன் வந்து அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஆள் வரும்" என்றான், மனுஷனுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் பூட்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்று காலிக் கொட்டிலில் தொங்குகிறது, உன் அப்பா போட்டது, உள்ளே எதுவுமில்லை. இன்னொன்றைப் பவுரோ எடுத்து உன் அப்பாவின் சைக்கிளுக்குப் போட்டிருக்கிறான், சைக்கிளும் சாவியும் இப்போது அவனிடம். மூன்றாவது எங்கே போனது என்று கேட்டால் லெய்மாரா சட்டம் பேசுகிறாள்.

கடவுள் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் என் பேத்தியையும் சுகமாக வைத்திருக்கட்டும், முதியோர் இல்ல வேலையில் கிழவர்களைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள், வாசிதிக்குக் காதை மூடித் தொப்பி போடு. ஒன்றை மறக்காதே. நீயும் இப்போது பவுரோவுக்குத் தௌவூதான், உன் அப்பா சொல்லிவிட்டார். வரும்போது பெட்டியைப் பூட்டிக்கொண்டு வராதே. உன் பெட்டியில் பூட்டைப் பார்த்தால் அவன் போய்த் தன் பையைக் கட்டத் தொடங்கிவிடுவான்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
கெலேரா